யார் எழுதிய விதி?

இரவு ஒன்பதரை மணிக்குத் திருநின்றவூரிலிருந்து சென்னை நோக்கிப் போகும் மின்சார வண்டியில் ஒருவரைச் சந்தித்தேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் இரவு ஷிப்ட். மடியில் சாப்பாட்டுத் தூக்கு, சட்டைப் பையில் சீசன் டிக்கெட், அரைஞாண் கயிற்றில் கோத்த இரண்டு சிறிய சாவிகள். சாவி எதற்கு என்று கேட்டேன். இரண்டுமே சைக்கிள் சாவி.

“ஒண்ணு அந்தப் பக்கம், ஒண்ணு இந்தப் பக்கம், நடுவுல ரயிலு சார்” என்றார்.

வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஐந்து கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ அவர் கிராமத்துக்கு இரவில் வராது. வந்தாலும் ரயிலுக்குக் கொடுப்பதைவிட அதற்குக் கொடுப்பது அதிகம். எனவே ஒரு சைக்கிள் திருநின்றவூர் ஸ்டாண்டில் மாத வாடகைக்கு நிற்கிறது. பட்டரவாக்கத்தில் இறங்கியதும் பட்டறைக்கு இன்னொரு மூன்று கிலோமீட்டர். அதற்கு இன்னொரு பழைய சைக்கிள், டீக்கடை ஓரம் ஒரு கம்பத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டியது. மழையில் நனைந்து செயின் துருப்பிடிக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை எண்ணெய் விடுகிறார். எந்தப் பக்கம் பஞ்சரானாலும் அந்தப் பக்கம் அன்று நடை.

“ஒரே சைக்கிளை வண்டியில ஏத்திக்கிட்டுப் போனா என்னண்ணே?” என்று கேட்டேன்.

விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “ரூல்ல இடமில்ல சார். நமக்கு விதிச்சது அவ்வளவுதான்.”

அன்று எங்கள் பெட்டியில் இருந்தவர்கள் ஒன்பது பேர்.

அவர் சொன்ன சொல் என்னோடு வீடுவரை வந்தது. தமிழில் ‘விதி’ என்பதற்கு இரண்டு பொருள். தலையில் எழுதியதாகச் சொல்லப்படுவதும் விதி, அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டப்படுவதும் விதி. முதல் விதியை யாரும் எழுதவில்லை என்று இந்த மண்ணில் பகுத்தறிவாளர்கள் பல தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். இரண்டாவது விதியை யாரோ ஒரு மனிதர் எழுதினார். நாற்காலியில் உட்கார்ந்து, ஏதோ ஒரு காலத்தின் தேவையை நினைத்து, மையால் எழுதினார். மையால் எழுதியதை மையால் அடிக்க முடியும். அந்தத் தொழிலாளி இரண்டையும் ஒன்றாக எண்ணித் தலைகுனிந்துவிட்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கோயிலுக்குப் போகாத, ஜாதகம் பார்க்காத, ராகுகாலத்தில் வீடு குடிபுகுந்த என் நண்பர்களிடம் இதைச் சொன்னபோது அவர்களும், “ரயில்வே விதி அப்படித்தானே” என்றார்கள். கடவுளைக் கேள்வி கேட்கத் துணிந்தவர்கள் ஒரு சுற்றறிக்கையைக் கேள்வி கேட்கத் தயங்குகிறார்கள். யார் எழுதியது, எதற்காக எழுதியது, இன்றைக்கும் அந்தக் காரணம் உயிரோடு இருக்கிறதா என்று கேட்காமல் ஏற்றுக்கொள்வது எதுவானாலும் அதற்குப் பெயர் மூடநம்பிக்கை. தேங்காய் உடைத்தால்தான் மூடநம்பிக்கை என்றில்லை.

வெளியூர் வண்டியில் சைக்கிளைப் பார்சலாகப் பதிவுசெய்து, சாக்குச் சுற்றி, லக்கேஜ் வேனில் அனுப்பலாம். குடிபெயர்கிறவர்களுக்கு அது உதவும். தினம் வேலைக்குப் போய்த் திரும்புகிறவருக்கு உதவாது. சென்னைப் புறநகர் வண்டியில் சாதாரண சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏற வழி கிடையாது. ஏன் என்று கேட்டால் ஒரே சொல்தான் பதில்: இடமில்லை.

இந்த ‘இடமில்லை’ என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் பிறந்தவர் எவரும் சும்மா விடக்கூடாது. நம் ரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று பிரித்துவைத்திருந்தார்கள். அதுவும் அன்றைக்கு விதிதான். நிர்வாக வசதி, பழக்கவழக்கம், பயணிகளின் மனம் புண்படக்கூடாது என்று அதற்கும் காரணங்கள் அடுக்கப்பட்டன. பெரியாரும் அவர் இயக்கத்தவரும் விடாமல் எதிர்த்தார்கள். 1941இல் அந்தப் பிரிவினை எடுக்கப்பட்டது. எடுத்த மறுநாளும் வண்டிகள் ஓடின, இட்லி வெந்தது. மூன்றாம் வகுப்பு என்று மரப்பலகை போட்டு மனிதர்களை அடைத்துக்கொண்டு போன ஏற்பாடும் 1974வரை விதியாகத்தான் இருந்தது. சைக்கிளை ஏற்றாததும் தீண்டாமையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பட்டவர்களின் வலியை மலிவாக்கியவன் ஆவேன். நான் சொல்வது ஒன்றுதான்: ‘இடமில்லை’ என்பது பெரும்பாலும் அளந்து பார்த்துச் சொன்ன சொல்லாக இருப்பதில்லை. யாருக்கு இடம் தருவது என்று முன்பே முடிவெடுத்துவிட்டு, அந்த முடிவுக்குப் போர்த்திய துணி அது.

அளந்தே பார்ப்போம். நம் ஊர்ச் சாதாரண சைக்கிள் ஒன்றேமுக்கால் மீட்டரைச் சற்றுத் தாண்டிய நீளம். ஹேண்டில்பாரின் அகலம் இரண்டடி. நிறுத்தினால் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் தரை. காலை எட்டரை மணிக்குப் பீச் நிலையம் நோக்கிப் போகும் வண்டியில் அந்த ஒரு சதுர மீட்டரில் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். படியில் தொங்குகிறவர்கள் வேறு. அந்த நேரத்தில் ஒரு சைக்கிளை உள்ளே ஏற்றினால் ஏழெட்டுப் பேரை வெளியே தள்ள வேண்டும், அல்லது யாராவது ஒருவர் பெடலில் கால் மாட்டி விழ வேண்டும். ஆகவே அந்த நேரத்தில், அந்தத் திசையில் சைக்கிள் வேண்டாம். இதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. நெரிசல் என்பது உண்மை, கற்பனை அல்ல.

ஆனால் நெரிசலுக்கு நேரம் உண்டு, திசையும் உண்டு. விதிக்கு அவை இரண்டும் தெரியவில்லை. காலை எட்டரைக்குப் பொருந்தும் காரணத்தை இரவு பத்தரைக்கும் பொருத்துகிறது. ஊருக்குள் வரும் வண்டிக்குச் சொன்னதை ஊரைவிட்டு வெளியே போகும் வண்டிக்கும் சொல்கிறது. திங்கட்கிழமைக்கு எழுதியதை ஞாயிற்றுக்கிழமைக்கும் நீட்டுகிறது. அந்த லேத் தொழிலாளியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் மொத்தமும் வீடு திரும்பும் இரவில் அவர் வேலைக்குப் போகிறார். ஊர் மொத்தமும் வேலைக்குப் போகும் காலையில் வீடு திரும்புகிறார். போகும்போதும் வரும்போதும் அவர் ஏறுவது கூட்டத்துக்கு எதிர்த்திசை வண்டி. அவர் சைக்கிளால் ஒரே ஒரு பயணிக்குக்கூட இடைஞ்சல் இல்லை. ஆனாலும் இரண்டு சைக்கிள், இரண்டு பூட்டு, இரண்டு துரு.

இதில் இன்னும் ஆழமான ஒன்று இருக்கிறது, அதுதான் என்னை எழுத வைத்தது. சைக்கிள் ஒருவருக்கு எப்போது மிகவும் தேவைப்படுகிறது? பேருந்து நின்றுபோன பிறகு, ஷேர் ஆட்டோக்காரர் வீட்டுக்குப் போன பிறகு, தெருவிளக்கில் பாதி அணைந்த பிறகு. அதாவது கடைசி வண்டியிலும் முதல் வண்டியிலும். ரயிலின் தரை வெறுமையாகக் கிடப்பதும் பெரும்பாலும் அந்த வேளையில்தான். தேவையும் இடமும் ஒரே மணியில் வந்து நிற்கின்றன. நடுவில் ஒரு பழைய தாள் நின்று இரண்டையும் சேரவிடாமல் தடுக்கிறது.

தியாகராய நகரின் ஜவுளிக்கடைகளை நினைத்துப் பாருங்கள். கடை மூடிக் கணக்கு முடித்து அந்தப் பெண்கள் மாம்பலம் நிலையத்துக்கு வரும்போது இரவு பத்து மணி. காலையிலிருந்து நின்ற கால்கள். அவர்கள் உட்காரவே விதியில்லாமல் இருந்தது. 2021இல் தமிழ்நாடு சட்டமன்றம் கடை ஊழியர்களுக்கு இருக்கை தந்தாக வேண்டும் என்று சட்டத்தைத் திருத்திய பிறகுதான் அது உரிமையானது. ஒரு நாற்காலிக்கு அத்தனை ஆண்டுகள். அவர்களில் ஒருத்தி கூடுவாஞ்சேரியிலோ மறைமலைநகரிலோ இறங்கி இருட்டுக்குள் இரண்டு கிலோமீட்டர் நடக்கிறாள். செல்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, எதிர்முனையில் யாரும் இல்லாமலே பேசிக்கொண்டு நடக்கிறாள். அவளுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும். இந்த மாநிலம்தான் அவளுக்கு சைக்கிள் கொடுத்தது. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விரிந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணைநின்றார். கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் பல்லாயிரக்கணக்கில் பெடலை மிதித்தார்கள். தெருவில் கேலி பேசியவர்கள் கொஞ்ச நாளில் ஓய்ந்துபோனார்கள். சைக்கிள் கற்ற பெண்ணுக்கு அப்பனும் அண்ணனும் துணைக்கு வர வேண்டிய அவசியம் குறைந்தது. அந்த விடுதலையைத்தான் பலர் பொறுக்கமாட்டாமல் கேலி செய்தார்கள்.

இவ்வளவு செய்த நாடு, அந்தப் பெண்ணை ரயில் நிலைய வாசலில் சைக்கிளை விட்டுவிட்டு வரச் சொல்கிறது. அவள் வேலை செய்யும் பக்கம் ஒரு சைக்கிள், வீட்டுப் பக்கம் ஒரு சைக்கிள் என்று வாங்கிவைக்கும் வசதி அவளுக்கு இல்லை. நிலைய ஸ்டாண்டில் இரவு பத்தே முக்காலுக்குத் தனியாகப் போய் வண்டி எடுக்க அவளுக்குப் பயம்.

ரயில்வே இடம் கண்டுபிடிக்கத் தெரியாத துறை அல்ல. சென்னைப் புறநகர் வண்டியில் வெண்டர் பெட்டி இருக்கிறது. சுவரோரம் பலகை, நடுவில் வெறுந்தரை. அதிகாலையில் பூக்கூடையும் கீரைக்கட்டும் மீன்கூடையும் பால்கேனும் அதில் ஏறி நகரத்துக்கு வருகின்றன. பூ விற்கிறவர் கூடையோடுதான் வருவார், கூடையை விட்டுவிட்டு அவர் மட்டும் வந்து பயனில்லை என்று ஒருநாள் யாரோ ஒருவருக்குப் புரிந்திருக்கிறது. அந்தப் புரிதலுக்கு நான் தலைவணங்குகிறேன். அதே புரிதலை இன்னும் ஒரு முழம் நீட்டச் சொல்கிறேன். அதிகாலையில் உள்ளே வரும் வண்டியில் அந்தப் பெட்டி கூடைக்காரர்களுக்கே உரியது, அதில் கைவைக்கக் கூடாது. கூடைகள் இறங்கிவிட்ட பிறகு அதே வண்டி திரும்பிப் போகிறதே, அப்போது? நண்பகலில்? இரவு ஒன்பது மணிக்குமேல்?

மும்பையில் டப்பாவாலாக்கள் நூற்றிமுப்பது ஆண்டுகளாகச் செய்வதும் கிட்டத்தட்ட நம் லேத் தொழிலாளி செய்வதுதான். வீடு வீடாக சைக்கிளில் போய்ச் சாப்பாட்டு அடுக்குகளைச் சேர்க்கிறார்கள், நிலையத்தில் சைக்கிளை விடுகிறார்கள், மரத்தட்டைத் தூக்கி லக்கேஜ் பெட்டியில் ஏற்றுகிறார்கள், இறங்கும் நிலையத்தில் வேறு சைக்கிள். உலகத்து வணிகக் கல்லூரிகள் எல்லாம் அவர்களைப் பார்த்து வியந்து பாடம் நடத்துகின்றன. அந்த உழைப்பில் ஒரு பங்கு விதியின் குறையை ஈடுகட்டவே செலவாகிறது என்று யாரும் பாடம் நடத்தியதாகத் தெரியவில்லை. ஏழை தன் கெட்டிக்காரத்தனத்தால் ஒரு குறையைச் சமாளித்துவிட்டால், குறையைச் சரிசெய்ய வேண்டியவர்களுக்கு அது வசதியாகிவிடுகிறது.

கோபன்ஹேகனில் எஸ்-டோக் என்று சிவப்பு நிறப் புறநகர் வண்டிகள் ஓடுகின்றன. 2010இல் அவர்கள் சைக்கிளுக்கு வாங்கிவந்த கட்டணத்தை முழுதாக எடுத்தார்கள். எடுத்துவிட்டு சும்மா இருக்கவில்லை. நடுப்பெட்டிகளில் இருக்கைகளை மாற்றி, சுவரோரம் மடித்துவிடும் இருக்கை போட்டு, சைக்கிள் நிறுத்தத் தாங்கிகள் வைத்து, எந்தக் கதவில் ஏற வேண்டும் என்று வெளியே பெரிதாகப் படம் வரைந்தார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சமாக இருந்த சைக்கிள் பயணங்கள் சில ஆண்டுகளில் 90 லட்சத்தைத் தொட்டன. சைக்கிளுக்குத்தான் இலவசம், சைக்கிளோடு வந்த மனிதர் தனக்கு டிக்கெட் வாங்கித்தான் ஏறினார். நம் அதிகாரிகள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும். அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு திறந்துவிடவில்லை. நகரின் நடுவே நெரிசல் மிகுந்த நோரபோர்ட் நிலையத்தில் கூட்ட நேரத்தில் சைக்கிளோடு ஏறவோ இறங்கவோ கூடாது என்று தடை வைத்தார்கள். ஒரு நிலையம், சில மணிநேரம், அவ்வளவுதான் தடை. பகுத்தறிவோடு எழுதிய விதிக்கு இடமும் காலமும் தெரியும்.

நெதர்லாந்து வேறு வழியில் போயிற்று. கூட்ட நேரத்தில் அங்கே சாதாரண சைக்கிளை வண்டியில் ஏற்ற முடியாது. ஆனால் உட்ரெக்ட் நிலையத்துக்கு அடியில் 12,500 சைக்கிள் நிறுத்தும் கூடம் கட்டியிருக்கிறார்கள், அது 2019இல் முழுமையடைந்தது. வெளிச்சமும் காவலும் உள்ள கூடம். இறங்கும் ஊரில் நிலையத்திலேயே வாடகை சைக்கிள் கிடைக்கும். ஆக, சைக்கிளை ஏற்றுவது ஒன்றே வழி என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஏற்றுங்கள், இல்லாவிட்டால் இரண்டு முனையிலும் பத்திரமாக வைக்க இடமும், இறங்கும் இடத்தில் ஒரு வண்டியும் கொடுங்கள். இரண்டில் ஒன்றையும் செய்யாமல் ‘இடமில்லை’ என்று மட்டும் சொல்வதைத்தான் கேட்கிறேன்: இது எந்த நியாயம்?

சைக்கிளில் போகிறவர் யார் என்பதைப் பொறுத்து இடம் பிறக்கிறது, மறைகிறது. 1896ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அமெரிக்காவில் சைக்கிள் என்பது வசதியுள்ளவர்களின் பித்து. வழக்கறிஞரும் வணிகரும் சங்கம் வைத்து ஓட்டினார்கள். ரயில் கம்பெனிகள் சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் கேட்டபோது அவர்கள் கொதித்தெழுந்தார்கள். நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் அந்த ஆண்டிலேயே, சைக்கிளைப் பயணியின் சாமானாகக் கருதி இலவசமாக ஏற்றவேண்டும் என்று சட்டமே போட்டது. சான்பிரான்சிஸ்கோவிலிருந்து சான் ஓசேவுக்குப் போகும் கால்ட்ரெயினில் 1992 முதல் இன்றுவரை சைக்கிள் ஏறுகிறது. கணினி நிறுவனங்கள் வரிசையாக இருக்கும் வழித்தடம் அது. புதிய மின்சார வண்டி ஒன்றில் 72 சைக்கிளுக்கு இடம் செய்திருக்கிறார்கள். பொறியாளர் சைக்கிளில் வந்தால் அதற்குப் பெயர் சுற்றுச்சூழல் அக்கறை. காவலாளி சைக்கிளில் வந்தால் அதற்குப் பெயர் இடைஞ்சல்.

நம் நாட்டிலும் இந்தப் பாகுபாடு நுட்பமாக நுழைந்துவிட்டது. பெங்களூரு மெட்ரோ மடிக்கும் சைக்கிளை அனுமதிக்கிறது. கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. மடிக்கும் சைக்கிளின் விலை என்ன, அதை வாங்குகிறவர் யார்? வீட்டுவேலைக்குப் போகிற அம்மாவின் சைக்கிள் மடியாது. பால்காரரின் சைக்கிள் மடியாது. அரசு பதினோராம் வகுப்பில் கொடுத்த சைக்கிளும் மடியாது. மடிகிற சைக்கிளுக்கு மட்டும் கதவைத் திறக்கும் விதி, ஆளைப் பார்க்காமல் பையைப் பார்த்துச் சலுகை தருகிறது. கொச்சி மெட்ரோ 2020 நவம்பரில் சாதாரண சைக்கிளையே, காசு வாங்காமல், ஏற்ற முன்வந்தது. பக்கத்து மாநிலம். அதே வெயில், அதே மழை, அதே மாதிரி மனிதர்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் இயற்றிய ரயில் பயணிகள் உரிமைச் சட்டம், புதிதாக வாங்கும் வண்டிகளில் குறைந்தது நான்கு சைக்கிளுக்காவது இடம் வேண்டும் என்கிறது. நான்கு என்பது சிறிய எண்தான். ஆனால் அது தயவு அன்று, உரிமை. எனக்கு அந்த வேறுபாடு முக்கியம்.

படிக்கட்டு இருக்கிறதே, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு எப்படி மேம்பாலம் ஏறுவார்கள் என்று கேட்பார்கள். சரியான கேள்வி. படியோரமாகச் சக்கரம் உருள ஒரு சாண் அகலத்தில் சரிவாகத் தகரமோ சிமெண்டோ போட்டால் சைக்கிள் உருண்டு ஏறும். பிற நாட்டு நிலையங்களில் சாதாரணமாகக் காணக்கூடியது அது. ஒரு கொத்தனாருக்கு அரைநாள் வேலை. வண்டி நிற்பது அரை நிமிடம்தானே என்பார்கள். ஆள் குறைந்த இரவு வண்டியில் மீன்கூடை ஏற எத்தனை நேரமோ அத்தனை நேரம்தான் சைக்கிள் ஏறவும். ஓடும் வண்டியில் சாய்ந்து விழுந்தால்? ஒரு இரும்புக் கம்பியும் ஒரு வாரும் போதும். இவை எல்லாம் பொறியாளர் தீர்க்கக்கூடிய கேள்விகள். தீர்க்க வேண்டும் என்ற எண்ணம் வர வேண்டும், அதைத் தருவது பொறியியல் இல்லை.

எண்ணம் ஏன் வரவில்லை? இங்கே ரயில்வேயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நேர்மையாகாது. ஆயுத பூஜையன்று சைக்கிளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி வணங்குகிறோம். மறுநாள் அதே சைக்கிளில் வந்தவரை அடுக்குமாடி வாசலில் நிறுத்தி, “வண்டியை அந்தப் பக்கம் ஜெனரேட்டர் பின்னால விடு” என்கிறோம். கார் நிற்க ஒதுக்கிய ஓர் இடத்தில் பத்து சைக்கிள் நிற்கும். ஆனாலும் காருக்கு வெள்ளைக் கோடு உண்டு, சைக்கிளுக்கு மூலை. சாலையில் ஒற்றை ஆளோடு ஒரு கார் அத்தனை இடத்தை அடைத்துக்கொண்டு போகும்போது, ‘இடமில்லை’ என்று யாரும் அதைத் தடுத்து நிறுத்துவதில்லை. அதற்கு இடம் போதவில்லை என்றால் பொதுப்பணத்தில் மேம்பாலம் கட்டுகிறோம். பொருளின் விலைதான் மனிதனின் மதிப்பு என்ற நம்பிக்கை நம் எலும்புவரை ஊறியிருக்கிறது. கிரகம் பார்ப்பதைவிடக் கெட்டியான மூடநம்பிக்கை இது. ஏனென்றால் படித்தவர்களிடம்தான் இது அதிகம். எனக்கு முதல் வேலை கிடைத்த மாதம், பத்தாண்டு என்னைச் சுமந்த சைக்கிளை விற்றேன். பணத்துக்காக விற்கவில்லை. அலுவலகத்தில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்பதற்காக விற்றேன். அந்த வெட்கத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்களும், விதியை எழுதியவர்களும் வெவ்வேறு ஆட்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

விதி எழுதும் மேசைக்குப் பக்கத்தில் கடைசி வண்டியில் போகிறவர் ஒருவரும் உட்கார்ந்திருந்தால் அந்தத் தாளில் வேறு சொற்கள் இருந்திருக்கும். உட்காரவில்லை. அதனால்தான் அவர்களுக்காகப் பேச வேண்டிய பொறுப்பு காலை வண்டியில் போகிற, கடிதம் எழுதத் தெரிந்த நம்மிடம் வருகிறது.

சென்னையில் ஓடும் மின்சார வண்டிப் பெட்டிகள் 1955இல் பெரம்பூரில் தொடங்கிய ஐ.சி.எஃப் தொழிற்சாலையில் பிறந்தவை. நம்மில் பலர் ஓட்டிப் பழகிய ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏவும் அம்பத்தூரின் டி.ஐ. சைக்கிள்ஸில் பிறந்தவை. பெரம்பூரும் அம்பத்தூரும் ஒரே தடத்தில், ஒரே மின்சார வண்டி நின்று போகும் நிலையங்கள். பெட்டியைச் செய்தவரும் சைக்கிளைச் செய்தவரும் ஒரே வண்டியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவர்கள் செய்த பொருட்கள் மட்டும் ஒன்றோடொன்று சேராமல் இருக்கின்றன.

இதைப் படிக்கிற நீங்கள் ஒருநாள் இரவு பத்தரை மணி வண்டியில் ஏறுங்கள். வெண்டர் பெட்டிக்குப் போய்த் தரையைப் பாருங்கள், எத்தனை சைக்கிள் நிற்கும் என்று எண்ணுங்கள். வீட்டுக்கு வந்ததும் ரயில்வே கோட்ட மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நீளமாக வேண்டாம். இரவு ஒன்பது மணிக்குமேல் இரு திசையிலும், காலையில் நகரைவிட்டு வெளியே போகும் வண்டிகளிலும், ஞாயிற்றுக்கிழமை முழுதும், வெண்டர் பெட்டியில் சைக்கிளோடு ஏற அனுமதி வேண்டும். ஒரு வழித்தடத்தில் ஆறு மாதம் சோதித்துப் பாருங்கள் என்று மட்டும் கேளுங்கள். நான் எழுதிவிட்டேன். என்னுடையது ஒரு கடிதம்தான். உங்களுடையதும் போய்ச் சேரட்டும்.